கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா மகள் போன் செய்தாள். இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "சித்தி, நியூட்டன் விதியை வச்சே எல்லாக் கணக்கையும் போட்டுடலாம்னா, அப்புறம் எதுக்கு இந்த லக்ராஞ்சியன்? அதே விடைதானே வருது?" என்று கேட்டாள். எனக்குப் பிடித்த கேள்வி என்பதால் உற்சாகமாகத் தொடங்கினேன். இயற்கை சிக்கனமானது; ஒரு பந்தை எறிந்தால் அது போகக்கூடிய பாதைகள் எத்தனையோ இருக்கின்றன; ஒவ்வொரு பாதைக்கும் இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்து, பயணம் முழுக்கக் கூட்டினால் 'செயல்' என்று ஓர் எண் வரும்; அந்த எண் எந்தப் பாதையில் மிகக் குறைவோ அதில்தான் பந்து போகும்; கழித்து வரும் அந்த அளவுதான் லக்ராஞ்சியன், அந்த ரகசியத்தைப் பிடித்த கருவி. இப்படியே சொல்லிக்கொண்டு போனேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பந்துக்கு அது எப்படி சித்தி தெரியும்? எல்லாப் பாதையையும் கூட்டிப் பார்த்துட்டா கிளம்புது?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில் உண்டு. 1948-ல் அமெரிக்க இயற்பியலாளர் ஃபெய்ன்மன் எழுதிய கட்டுரையில் அது இருக்கிறது: நுண்ணுலகில் எல்லாப் பாதைகளுமே பங்களிக்கின்றன, மற்றவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, செயல் மாறாமல் நிற்கும் பாதையின் அண்டைப் பாதைகள் மட்டும் மிஞ்சுகின்றன. அதையும் சொன்னேன். ஆனால் போனை வைத்த பிறகு அவளுடைய முதல் கேள்விதான் என்னை விடவில்லை. லக்ராஞ்சியனுக்குப் பெயர் தந்த லக்ராஞ்ச் தன் இயக்கவியல் புத்தகத்தை வெளியிட்டது 1788-ல். ஃபெய்ன்மன் சொன்னது எதுவும் அவருக்குத் தெரிய வழியில்லை. அப்படியானால் நியூட்டனின் விதிகள் கையில் இருக்கும்போதே அந்தப் பதினெட்டாம் நூற்றாண்டு ஆட்கள் ஏன் நூறு வருடம் உட்கார்ந்து இன்னொரு வழியைக் கட்டினார்கள்? அவர்களுக்கு எங்கே வலித்தது? நான் படித்த பாடநூல்களிலும் இது இல்லை, எனக்குப் பாடம் எடுத்தவர்களும் சொல்லவில்லை, நானும் இத்தனை வருடம் யோசித்துப் பார்க்கவில்லை. 'இயற்கையின் சிக்கனம்' என்ற அழகான வாசகத்தை வாங்கிக்கொண்டு அதோடு நின்றுவிட்டேன்.

அந்த வாசகத்தின் சொந்தக்காரர் மோபெர்துயி. துருவப் பக்கம் பூமி சற்றுத் தட்டையாக இருக்கிறது என்பதை அளந்து காட்ட 1736-ல் லாப்லாந்து வரை போன பிரெஞ்சுக்காரர், பிறகு பெர்லின் அறிவியல் கழகத்தின் தலைவர். 1744-ல் ஒளியை வைத்து, இயற்கை எப்போதும் மிகக் குறைந்த 'செயலை'யே செலவழிக்கிறது என்று அறிவித்தார். 1746-ல் அதையே எல்லா இயக்கத்துக்கும் விரித்து, கடவுள் இருப்பதற்கே இது சான்று என்று போய்விட்டார். 1751-ல் கோனிக் என்பவர் அந்தக் கொள்கையை விமர்சித்ததோடு, இது தத்துவ அறிஞர் லைப்னிட்ஸின் ஒரு பழைய கடிதத்திலேயே இருக்கிறது என்றும் எழுத, அந்தக் கடிதம் போலி என்று பெர்லின் கழகம் தீர்ப்புச் சொன்னது. எழுத்தாளர் வால்டேர் கோனிக் பக்கம் நின்று மோபெர்துயியைக் கிழித்து ஒரு சிறு நூல் எழுத, பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரெடெரிக் 1752 டிசம்பர் 24 அன்று அதைப் பொது இடத்தில் எரிக்கச் சொன்னார். வெடிக்கும் சண்டைதான். ஆனால் இதில் ஒரு கணக்குகூடத் தீரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'மிகக் குறைவு' என்பதேகூடச் சரியில்லை. பூமிக்கோளத்தில் இரண்டு ஊர்களுக்கு நடுவே பெருவட்டத்தில் நேராகப் போகலாம். அதே வட்டத்தில் எதிர்ப்பக்கமாக உலகைச் சுற்றிக்கொண்டும் போகலாம். இரண்டுமே வளையாத பாதைகள், ஆனால் இரண்டாவது மிகக் குறுகியது அல்ல. செயலும் அப்படித்தான்: சற்றே அசைத்தால் மாறாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. குறைந்தேயாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆக, சிக்கனத்தின் பெயரால் நான் சொன்ன பதில் வரலாறாகவும் நிற்கவில்லை, இயற்பியலாகவும் முழுசாக நிற்கவில்லை.

எம்ஜி காஸ் தீட்டா

பிறகு ஒரு வாரம் இதையே நினைத்துக்கொண்டிருந்ததில், நான் மறக்க விரும்பிய ஒரு தேர்வு நாள் மேலே வந்தது. கல்லூரியில் மூன்றாவது செமஸ்டர். சாய்தளக் கணக்குகளை நான் கரைத்துக் குடித்திருந்தேன். வழவழப்பான ஒரு முக்கோணக் கட்டை, அதன் சாய்வில் வழுக்கி இறங்கும் ஒரு பெட்டி. விசைகளுக்கு அம்புக்குறி போடு, எடையை இரண்டாகப் பிரி, சாய்வுக்குக் குத்தாக எம்ஜி காஸ் தீட்டா, சாய்வோடு எம்ஜி சைன் தீட்டா (எம்ஜி என்பது பெட்டியின் எடை, தீட்டா என்பது சாய்வின் கோணம்). தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு வினாத்தாளில் அதே படம்தான் இருந்தது, கூடவே ஒரே ஒரு வரி: முக்கோணக் கட்டையும் மேசைமேல் உராய்வின்றி நகரக்கூடியது. நான் தயங்காமல் பெட்டியின் கீழ் எம்ஜி காஸ் தீட்டா என்று எழுதினேன். அதற்குமேல் ஒன்றும் பொருந்தி வரவில்லை. இரண்டு பக்கம் அடித்து எழுதி, கடைசியில் வெளியே வந்தபோது அழுகையாக வந்தது. படிக்காமல் போய்த் தோற்றிருந்தால் பரவாயில்லை. எல்லாம் புரிந்திருந்தும் இப்படி ஆனதுதான் தாங்கவில்லை.

எங்கே தவறினேன் என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. கட்டை அசையாமல் இருந்தால்தான் அது பெட்டியை எம்ஜி காஸ் தீட்டா அளவுக்குத் தாங்கும். கட்டை பின்வாங்கினால் பெட்டி அதன்மேல் அவ்வளவு அழுத்தாது, கட்டையும் அவ்வளவு தாங்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே நிறை, சாய்வு 30 பாகை என்று வைத்துக்கொள்வோம். அசையாத கட்டையில் தாங்கும் விசை பெட்டியின் எடையில் 0.87 பங்கு; நகரும் கட்டையில் அது 0.69 பங்காகக் குறைந்துவிடுகிறது. கட்டையை வைத்துப் பார்த்தால் பெட்டி வழுக்கும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியாக இருந்தது, 0.8 பங்காக ஏறிவிடுகிறது. ஆக, தாங்கும் விசை எவ்வளவு என்று எழுத கட்டை எப்படி நகர்கிறது என்று தெரிய வேண்டும். கட்டை எப்படி நகர்கிறது என்று அறிய அந்த விசை தெரிய வேண்டும். முட்டை முதலா, கோழி முதலா கதை. நியூட்டன் 'விசையைக் கொடு, இயக்கத்தைச் சொல்கிறேன்' என்கிறார். சூரியனைச் சுற்றும் கோளுக்கு அது சரி, விசை என்னவென்று முன்பே தெரியும். கம்பியில் கோத்த மணிக்கும், சாய்வில் வழுக்கும் பெட்டிக்கும், கயிற்றில் ஆடும் குண்டுக்கும் பாதி விசைகள் முன்கூட்டித் தெரியாதவை. எவ்வளவு தேவையோ அவ்வளவு இழுக்கும் கயிறு. எவ்வளவு தேவையோ அவ்வளவு தாங்கும் தளம். நான் அந்தத் தேர்வில் எழுதியது, தெரியாத ஒரு விசையைத் தெரிந்தது போல எழுதியது.

நியூட்டனை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது என்றில்லை. அந்த விசையைத் தெரியாத எண்ணாக வைத்து, இரண்டு பொருளுக்கும் சமன்பாடு எழுதி, பெட்டி சாய்வை விட்டு விலகாது என்ற நிபந்தனையையும் சேர்த்தால் விடை வரும். ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் புதிதாக ஒரு கூர்மை தேவைப்படுகிறது. எந்த அம்பை விட்டேன், எதை இரண்டு முறை போட்டேன், எந்தக் கோணத்தை எங்கிருந்து அளந்தேன் என்று ஒவ்வொரு தடவையும் பயந்து பயந்து நடக்க வேண்டியிருக்கிறது.

ஆய்லரின் முன்னுரை

இந்த யோசனையோடு தேடியபோதுதான் சுவிஸ் கணித மேதை ஆய்லரின் 'மெக்கானிகா'வின் முன்னுரைக்கு வந்து சேர்ந்தேன். 1736-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கழகம் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட நூல். அப்போது ஆய்லருக்கு வயது 29. லத்தீனில் எழுதிய முன்னுரையின் மொழிபெயர்ப்பைத்தான் படித்தேன். அதில் ஓர் இடத்தில் ஆய்லர் தன் சொந்த அனுபவத்தைச் சொல்கிறார். நியூட்டனின் 'பிரின்சிபியா'வும் ஹெர்மன் என்பவரின் இயக்கவியல் நூலும் வடிவியல் முறையில், படம் போட்டு நிரூபிக்கும் முறையில் எழுதப்பட்டவை. அப்படி எழுதிய நூலைப் படிக்கும் ஒருவர் அதில் சொன்னது உண்மை என்று நம்பிவிடுவார், ஆனால் விஷயம் கைவசமாகாது. அதே கணக்கைச் சற்று மாற்றிக் கொடுத்தால் தானாகப் போட முடியாது. எனக்கே இப்படி ஆகியிருக்கிறது என்று எழுதுகிறார் ஆய்லர். பல கணக்குகளின் தீர்வு நன்றாகப் புரிந்தது போல இருந்தது, கொஞ்சம் வேறுபட்ட கணக்கு வந்தால் கை ஓடவில்லை. அதனால்தான் அந்த முடிவுகளையெல்லாம் எடுத்து, அவற்றுக்குள் ஒளிந்திருந்த நுண்கணிதத்தை வெளியே கொண்டுவந்து, ஒரே சீரான முறையில் தனக்காக மறுபடி எழுதிப்பார்க்கத் தொடங்கினாராம். அந்த நூல் அப்படித்தான் வளர்ந்தது.

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்றாவது செமஸ்டர் மதியத்தில் எனக்கு நேர்ந்தது வார்த்தைக்கு வார்த்தை அங்கே இருந்தது. புரிந்தது, ஆனால் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் போட முடியவில்லை. இத்தனை வருடம் அது என் மந்தம் என்றே நினைத்திருந்தேன். ஆய்லர் அதைத் தன் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. முறையின் குறையாகப் பார்த்தார். நியூட்டனின் ஒவ்வொரு நிரூபணமும் தனித்தனிப் படம், தனித்தனித் தந்திரம். ஒன்றைக் கற்றால் அந்த ஒன்றுதான் வரும். ஆய்லர் கேட்டது, சராசரி ஆளும் தைரியமாகக் கையில் எடுத்து அடுத்த கணக்குக்குக் கொண்டுபோகக்கூடிய ஒரு வழி. என்னைக் கேட்டால், இயக்கத்தைப் படத்தால் அல்லாமல் சமன்பாடுகளால் கையாளும் பகுப்பாய்வு இயக்கவியல் பிறந்த இடம் இதுதான். கடவுளின் சிக்கனத்திலிருந்து அது பிறக்கவில்லை, புதிதாக ஓர் இயற்கை விதியைக் கண்டுபிடித்ததிலிருந்தும் பிறக்கவில்லை. கற்பவரின் கஷ்டத்தை ஒரு பெரிய மனிதர் மதித்து உட்கார்ந்து யோசித்ததில் பிறந்தது.

அந்த நூலின் முதல் தொகுதி தடையின்றிப் போகும் பொருள் பற்றியது, இரண்டாவது கோட்டிலோ பரப்பிலோ கட்டுண்டு போகும் பொருள் பற்றியது. இரண்டிலும் பொருள் என்றால் ஒரு புள்ளிதான். பல புள்ளிகள் ஒன்றோடொன்று பிணைந்திருந்தால் என்ன செய்வது என்பது அங்கே தீரவில்லை. அந்தப் பிணைப்பின் கதை வேறு ஒரு திசையிலிருந்து வந்தது, ஊசலிலிருந்து.

தடியில் இரண்டு குண்டு

நூலில் கட்டிய சின்னக் குண்டின் ஆட்டம் கலிலியோ காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். ஆனால் கடிகாரத்தில் ஆடுவது புள்ளி அல்ல, தடியும் தட்டுமாகச் சேர்ந்த ஒரு கனமான பொருள். அது எவ்வளவு நீளமுள்ள தனி ஊசலுக்குச் சமமாக ஆடும்? பாரிஸில் இருந்த மெர்சென் பாதிரியார் 1646 வாக்கில் இந்தக் கேள்வியை டச்சுக்காரரான ஹைகன்ஸுக்கு அனுப்பினார். ஹைகன்ஸுக்கு அப்போது 17 வயது, தீர்க்க முடியவில்லை. பிற்பாடு ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய அதே ஹைகன்ஸ்தான் 1673-ல் விடையை அச்சிட்டார். சீரான ஒரு மீட்டர் தடியை அதன் நுனியில் தொங்கவிட்டு ஆட்டினால், அது சுமார் 67 சென்டிமீட்டர் தனி ஊசலின் தாளத்தில் ஆடும். அதாவது மூன்றில் இரண்டு பங்கு. அவர் போன வழி அபாரமானது. ஊசல் ஆடும்போதே அதன் துண்டுகள் எல்லாம் கழன்று தனித்தனியே மேலே எழும்புவதாகக் கற்பனை செய்தார். அவற்றின் பொது ஈர்ப்பு மையம் புறப்பட்ட உயரத்தைத் தாண்டி ஏறவே முடியாது என்ற ஒரே பிடியில் முழுக் கணக்கையும் முடித்தார். படிக்கப் படிக்க வியப்பு. ஆனால் இதுவும் ஒரு மேதையின் தனித் தந்திரம்தான்.

சுவிஸ் கணித அறிஞர் யாக்கோப் பெர்னூலிக்கு அது திருப்தி தரவில்லை. 1703-ல் அச்சான கட்டுரையில் அவர் பார்த்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு தடியில் மேலே ஒரு குண்டு, கீழே ஒரு குண்டு. தனியாக விட்டிருந்தால் மேல் குண்டு குட்டையான ஊசல், வேகமாக ஆடும். கீழ் குண்டு நீளமான ஊசல், மெதுவாக ஆடும். தடி இரண்டையும் சேர்த்துக் கட்டியிருப்பதால் மேல் குண்டு தன் வேகத்தில் கொஞ்சம் இழக்கிறது, கீழ் குண்டு கொஞ்சம் பெறுகிறது. அந்த இழப்பும் அந்த வரவும் தடியை நெம்புகோலாக வைத்துப் பார்த்தால் சமநிலையில் இருக்க வேண்டும். இவ்வளவுதான். ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளின் கணக்கு, ஆடாமல் நிற்கும் தராசின் கணக்காக மாறிவிட்டது.

தலம்பேர் இதை எடுத்து விதியாக்கினார். பாடநூலில் டி அலம்பர்ட் என்று படித்திருப்போம். 1717-ல் பாரிஸில் ஒரு தேவாலயப் படிக்கட்டில் கைவிடப்பட்ட குழந்தை. 1743-ல் இயக்கவியல் நூலை வெளியிட்டார். 'விசை' என்ற சொல்லே அவருக்கு ஒவ்வாது. இயங்கும் பொருளுக்குள் குடியிருப்பதாகச் சொல்லப்படும் இந்த விசைகள் தெளிவற்றவை, தெளிவான ஓர் அறிவியலை இருட்டடிப்பவை என்பது அவர் கட்சி. நமக்குத் தெரிந்தது பொருள் எப்படிப் போக இருந்தது, கட்டுப்பாட்டால் எப்படிப் போயிற்று என்ற இரண்டு மட்டுமே. வித்தியாசம்தான் இழந்த இயக்கம். இழந்த இயக்கங்களெல்லாம் சேர்ந்து சமநிலையில் இருக்கும். பெர்னூலி ஊசலுக்குச் சொன்னதை இவர் எல்லாக் கட்டுண்ட அமைப்புகளுக்கும் சொன்னார்.

சமநிலைக்கோ ஒரு பழைய சாவி ஏற்கனவே இருந்தது. பூங்காவில் சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 2 மீட்டர் தள்ளி 20 கிலோ குழந்தை, மறுபக்கம் 1 மீட்டரில் 40 கிலோ பையன். பலகையை மனதுக்குள் ஒரு துளி அசைத்துப் பாருங்கள். குழந்தை 2 பங்கு இறங்கினால் பையன் 1 பங்கு ஏறுவான். எடையை அசைவால் பெருக்கினால் இரண்டு பக்கமும் சமம், அதனால் நிற்கிறது. நடுவில் தாங்கும் முட்டு எவ்வளவு விசையோடு தாங்குகிறது என்று நாம் கேட்கவே இல்லை. முட்டு அசையவில்லை, ஆகவே கணக்கில் வரவில்லை. இந்தக் கற்பனை அசைவு விதியை அதன் முழுப் பொதுமையில் யோஹான் பெர்னூலி, யாக்கோபின் தம்பி, பிரெஞ்சுக் கணித அறிஞர் வரிஞோனுக்கு ஒரு கடிதத்தில் எழுதினார்; 1725-ல் வரிஞோனின் நூலில் அது அச்சானது. நான் தேர்வில் முட்டிக்கொண்ட அந்தத் தாங்கும் விசைக்கு மருந்து இங்கேதான் இருந்தது. கட்டை பெட்டியைத் தள்ளுகிறது, பெட்டி கட்டையைத் தள்ளுகிறது. கட்டுப்பாடு அனுமதிக்கும் எந்த அசைவிலும் இரண்டு தள்ளலும் சேர்ந்து செய்யும் வேலை சுழி. தெரியாத விசையைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை, அது கணக்கிலிருந்து தானே விலகிக்கொள்கிறது.

தூரினிலிருந்து வந்த கடிதம்

இந்த இரண்டு சாவிகளையும் சேர்த்துத் திருப்பியவர் லக்ராஞ்ச். 1736 ஜனவரியில் இத்தாலியின் தூரினில் பிறந்தவர். ஆய்லரின் 'மெக்கானிகா' வந்த அதே ஆண்டு. குடும்பத்தில் இருந்த பணத்தை அப்பா தொலைத்திருந்தார்; பணம் இருந்திருந்தால் நான் கணிதத்துக்கு வந்திருக்க மாட்டேன் என்று பிற்காலத்தில் லக்ராஞ்ச் சொன்னதாகச் சொல்வார்கள். 1755 ஆகஸ்ட் 12 அன்று, 19 வயதில், பெர்லினில் இருந்த ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏதோ ஓர் அளவை மிகப் பெரிதாகவோ மிகச் சிறிதாகவோ ஆக்கும் வளைகோடுகளைக் கண்டுபிடிப்பது பற்றி ஆய்லர் 1744-ல் ஒரு நூல் போட்டிருந்தார். அதில் அவர் வளைகோட்டைத் துண்டு துண்டாக உடைத்து, ஒரு புள்ளியை மட்டும் நகர்த்தி, படத்தை வைத்தே விடைக்கு வந்திருந்தார். படத்தை நம்பாத ஒரு முறை வேண்டும் என்று அந்த நூலிலேயே ஏக்கத்தோடு குறிப்பிட்டும் இருந்தார். தூரின் பையன் அதைச் செய்துகாட்டிவிட்டான். முழு வளைகோட்டையும் ஒரே நேரத்தில் அசைக்க டெல்டா என்று ஒரு குறியீடு, அதற்குச் சில விதிகள், மீதியெல்லாம் இயற்கணிதம்.

ஆய்லர் ஒரே மாதத்துக்குள் பதில் போட்டார். தன் முறையை உடனே கைவிட்டு இளைஞனின் முறையை ஏற்றுக்கொண்டார், அதற்கு மாறுபாட்டு நுண்கணிதம் என்று பெயரும் வைத்தார். தானும் அதில் எழுதிவைத்திருந்ததை, லக்ராஞ்ச் முதலில் வெளியிடட்டும், அவருக்குச் சேர வேண்டிய பெருமையில் நான் கை வைக்கக்கூடாது என்று நிறுத்திவைத்தார். கோனிக் விவகாரத்தில் கழகத்தின் தீர்ப்புக்கு முன்னின்றவரும் இதே ஆய்லர்தான் என்பது எனக்கு வருத்தம். ஆனால் இந்தக் கடிதப் போக்குவரத்தைப் படிக்கும்போது அவர்மேல் வரும் மரியாதை அதையும் தாண்டி நிற்கிறது.

இனி நான் அக்கா மகளுக்குத் தவறாகச் சொன்ன இடம். லக்ராஞ்சும் முதலில் குறைந்த செயல் கொள்கையிலிருந்துதான் தொடங்கினார். 1760-களின் தொடக்கத்தில் தூரினில் வெளியிட்ட ஆய்வில் இயக்கவியல் முழுவதையும் அதிலிருந்து வருவித்துக் காட்டினார். ஆனால் 1764-ல் பாரிஸ் கழகத்தின் பரிசுக்காக, நிலா ஏன் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டே லேசாகத் தலையாட்டுகிறது என்ற கேள்வியை எடுத்தபோது, அடித்தளத்தை மாற்றிவிட்டார். கற்பனை அசைவு விதியும் தலம்பேரின் விதியும் சேர்ந்ததுதான் புது அடித்தளம். 1788-ல் பாரிஸில் 'மெக்கானிக் அனாலிடிக்' வந்தபோதும் அதுவே அஸ்திவாரம். குறைந்த செயல் அதில் கடைசியில் கிடைக்கும் ஒரு விளைவு. அதை ஒரு தத்துவக் கொள்கையாகப் பார்க்கவில்லை, இயக்க விதிகளிலிருந்து வரும் எளிய பொது முடிவாகவே பார்க்கிறேன் என்று அவரே எழுதிவிட்டார். இயற்கை சிக்கனமானது என்று லக்ராஞ்சின் பெயரைச் சொல்லித்தான் நான் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதை முப்பது வயதுக்குள் இறக்கிவைத்துவிட்டார்.

அந்த நூலின் முன்னுரையில், இந்த நூலில் படங்களே இருக்காது என்று ஒரு வரி வரும். வரைபடமும் வேண்டாம், வடிவியல் வாதமும் வேண்டாம், ஒழுங்காக ஒரே சீராக நடக்கும் இயற்கணிதச் செயல்கள் மட்டும் போதும் என்கிறார். சின்ன வயதில் இந்த வரி எனக்குத் திமிராகத் தெரிந்தது. படத்தை வெறுக்கும் ஒரு வறட்டு மனிதர் என்று நினைத்தேன். ஆய்லரின் முன்னுரைக்குப் பிறகு படித்தால் வேறு மாதிரி ஒலிக்கிறது. படம் தவறாகப் போனால் எல்லாம் தவறு என்ற பயத்திலிருந்து விடுதலை என்றே எனக்குக் கேட்கிறது. நகரும் கட்டையின் கணக்கு அந்த வழியில் இப்படிப் போகும். கட்டை மேசையில் எவ்வளவு நகர்ந்தது என்பது ஓர் எண், பெட்டி சாய்வில் எவ்வளவு வழுக்கியது என்பது இன்னோர் எண். இந்த இரண்டையும் வைத்து இயக்க ஆற்றலை எழுது, நிலை ஆற்றலை எழுது, கழி, லக்ராஞ்சின் சமன்பாட்டில் இரண்டு முறை போடு. முடிந்தது. தாங்கும் விசை எங்கேயும் தலைகாட்டாது. எம்ஜி காஸ் தீட்டா என்று தவறாக எழுத இடமே இல்லை.

கடைசியில் அந்த நூல் கைக்கு வந்தபோது லக்ராஞ்ச் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, இரண்டு வருடம் மேசையில் பிரிக்காமல் கிடந்தது என்று சொல்லப்படுகிறது. பெர்லினிலிருந்து பாரிஸ் வந்த புதிதில் அவரைப் பெரும் சோர்வு பிடித்திருந்தது. பின்னால் அயர்லாந்தின் ஹாமில்டன் 1834-ல் அதை ஓர் அறிவியல் கவிதை என்று புகழ்ந்தார். ஒளியியலில் தொடங்கிய ஹாமில்டன் செயலை மறுபடி நடுவில் கொண்டுவந்து உட்காரவைத்தார், 1926-ல் ஷ்ரோடிங்கர் அந்த ஒளியியல் ஒப்புமையிலிருந்தே தன் குவாண்டம் சமன்பாட்டுக்குப் போனார். அது தனிக் கதை.

எதை விட்டோம்

எல்லாம் லாபம் என்று சொல்ல மாட்டேன். உருண்டையான ஒரு வழவழப்பான பாறையின் உச்சியிலிருந்து ஒரு பெட்டி வழுக்குகிறது. ஓர் இடத்தில் அது பாறையை விட்டுக் காற்றில் பிரியும். எங்கே? பாறை தாங்கும் விசை சுழியாகும் இடத்தில். உச்சியிலிருந்து ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும், செங்குத்திலிருந்து சுமார் 48 பாகையில் அது நடக்கிறது. தாங்கும் விசையைக் கணக்கிலிருந்தே துரத்திவிட்டால் இதை எப்படிச் சொல்வது? கயிறு அறுமா அறாதா என்று கேட்கும் பொறியாளருக்கும் இழுவிசை வேண்டுமே? லக்ராஞ்ச் இதையும் யோசித்திருந்தார். கட்டுப்பாட்டைத் தூக்கிப் போடாமல், அதை ஒரு பெருக்கியோடு சமன்பாட்டில் சேர்த்தால், அந்தப் பெருக்கியே தாங்கும் விசையைக் கொடுத்துவிடுகிறது. இன்றைக்கு பொருளியல் மாணவர்கள்கூடப் படிக்கும் லக்ராஞ்ச் பெருக்கி அந்த நூலில் இந்த வேலைக்குத்தான் வருகிறது. ஆனாலும் கையால் அம்புக்குறி போட்டு, எது எதை எங்கே தள்ளுகிறது என்று உடம்பால் உணரும் ஒரு பழக்கம் இருக்கிறதே, அதை முதலில் பெறாமல் நேராக லக்ராஞ்சியனுக்குப் போகும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கவலைதான். ஆய்லர் நியூட்டனை முழுக்கப் படித்துத் தவித்த பிறகுதான் வேறு வழி தேடினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே போன் செய்து, போன வாரம் சொன்னதில் பாதி தவறு என்று சொன்னேன். சிக்கனக் கதையை ஒதுக்கிவிட்டு அந்தத் தேர்வுக் கணக்கைக் கொடுத்தேன். முதலில் நியூட்டன் வழியில் போடு, அப்புறம் லக்ராஞ்ச் வழியில் போடு என்றேன். இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் நோட்டின் இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். முதல் பக்கத்தில் அம்புக்குறிகள், அடித்தல்கள், ஓரத்தில் ஓர் எம்ஜி காஸ் தீட்டா, அதன்மேல் பெரிய பெருக்கல் குறி. இரண்டாம் பக்கத்தில் ஏழு வரிகள், அடித்தல் இல்லை. இரண்டிலும் 0.8.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு செய்தி வந்தது. "சித்தி, கட்டையை ஒரு ஸ்பிரிங்ல சுவரோட கட்டிட்டேன். நிலை ஆற்றல்ல ஒரே ஒரு உறுப்புதான் கூடுது. போட்டுட்டு இருக்கேன்."